கல்லாப்பெட்டி, லிஃப்ட், விமானம்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறது டேட்டன் நகரம். அந்த ஊரின் பெரிய மனிதர்களைப் பற்றிப் பேச எழுந்தால் யாராக இருந்தாலும் ரைட் சகோதரர்களில்தான் தொடங்குவார்கள். நான் ஒரு மதுக்கடைக்காரரில் தொடங்குகிறேன்.

ஜேம்ஸ் ரிட்டி என்பது அவர் பெயர். கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கல்லாவில்தான் காசு தங்கவில்லை. வேலையாட்களின் கைவரிசை. 1878இல் கப்பலில் ஐரோப்பாவுக்குப் போனவர், கப்பலைச் செலுத்தும் சுழலி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணும் கருவியைக் கண்டார். சுற்றை எண்ண முடியுமென்றால் காசை எண்ண முடியாதா? ஊர் திரும்பி, சகோதரர் ஜானுடன் சேர்ந்து ஒரு கருவியைச் செய்து, 1879இல் காப்புரிமை பெற்றார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ரிட்டியின் கறைபடாத காசாளர்'. மனிதர் எவ்வளவு நொந்துபோயிருந்தார் என்பது பெயரிலேயே தெரிகிறது!

அந்தக் கல்லாப்பெட்டித் தொழில் 1884இல் ஜான் பேட்டர்சன் கைக்கு வந்து, நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தது. அங்கே வேலை பார்த்த சார்லஸ் கெட்டரிங் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்தினார். சில நொடி மட்டும் பலமாக இழுத்தால் போதும் என்ற அதே யோசனைதான் பிறகு காரைக் கிளப்பும் செல்ஃப் ஸ்டார்ட்டர் ஆயிற்று. 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் அது வந்தது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கை முறிந்தவர்கள் அவரை வாழ்த்தியிருப்பார்கள்.

இனி, நான் நிதானமாகப் பேச விரும்பும் மனிதருக்கு வருகிறேன். பால் லாரன்ஸ் டன்பார், கவிஞர். 1872இல் டேட்டனில் பிறந்தவர். தாயும் தந்தையும் கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். உயர்நிலைப் பள்ளியில் அவர் வகுப்பில் அவர் ஒருவரே கறுப்பினத்தவர். பள்ளிப் பத்திரிகைக்கு ஆசிரியரும் அவர்தான். இலக்கிய மன்றத் தலைவரும் அவர்தான். உடன் படித்தவர் ஆர்வில் ரைட். 1890இல் கறுப்பின மக்களுக்காக 'டேட்டன் டாட்லர்' என்ற பத்திரிகையை டன்பார் தொடங்கியபோது, ரைட் சகோதரர்கள்தான் தங்கள் அச்சகத்தில் அச்சடித்தார்கள். மூன்று இதழ்களோடு அது நின்றுபோனது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஆர்வில் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. டன்பார் 1891இல் முடித்தார். முடிக்காதவர் அச்சகம் நடத்தினார், சைக்கிள் கடை வைத்தார். முடித்தவர் எழுத்து வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கிடைத்தது, காலஹன் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டும் வேலை. வாரச் சம்பளம் 4 டாலர். ஆர்வில்மீது நான் குற்றம் சொல்லவில்லை. அவர் தன்னால் ஆனதைச் செய்தார். குற்றம் ஊரின் மீது.

லிஃப்ட் சும்மா நிற்கும் நேரத்தில் டன்பார் படித்தார், எழுதினார். முதல் தொகுப்பை அச்சிட 125 டாலர் ஆகும் என்றார்கள். ஏழு மாதச் சம்பளத்துக்கும் மேல்! அச்சகத்தின் நிர்வாகி ஒருவர் அந்தப் பணத்துக்குத் தாமே பொறுப்பேற்றார். புத்தகம் வந்ததும் டன்பார் லிஃப்டில் ஏறுகிறவர்களிடமே பிரதி ஒரு டாலர் என்று விற்று, கடனை அடைத்துவிட்டார்.

1896இல் அவருடைய 24ஆவது பிறந்தநாளன்று, புகழ்பெற்ற விமர்சகர் வில்லியம் டீன் ஹவல்ஸின் மதிப்புரை வெளியானது. நாடே டன்பாரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் ஹவல்ஸ் தூக்கிவைத்துப் பாராட்டியது கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் எழுதிய கவிதைகளை. அதற்குப் பிறகு பத்திரிகைகள் அதையே கேட்டன. பொது ஆங்கிலத்தில் அவர் உயிரைக் கொடுத்து எழுதியதைச் சீந்துவாரில்லை. அந்தப் பாராட்டு தனக்குத் தீராத கெடுதல் செய்துவிட்டது என்று அவரே பின்னாளில் எழுதினார். வட்டார வழக்கு எழுத்தைக் கொண்டாடும் நாமும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். காசநோய் 1906இல் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 33.

பேட்டர்சனைப் பாதியில் விட்டுவிட்டேன். போட்டியாளர்களை நசுக்கிய வழக்கில், 1913 பிப்ரவரியில் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே டேட்டனைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. தண்டனை பெற்ற அதே மனிதர் தன் தொழிற்சாலைத் தச்சர்களை வைத்து நூற்றுக்கணக்கில் படகு செய்து ஊராரை மீட்டார்; ஆலையையே முகாமாக்கிச் சோறு போட்டார். பிறகு மேல்முறையீட்டில் தண்டனை ரத்தாகி, சிறைக்குப் போகாமலே தப்பினார். அயோக்கியரா, வள்ளலா என்று என்னைக் கேட்டால், இரண்டும்தான்.

அந்த வெள்ளம் ரைட் வீட்டுக் கொட்டகையிலும் புகுந்தது. 1903 டிசம்பர் 17 அன்று விமானம் முதன்முதலில் தரையை விட்டு எழும்பிய படத்தின் கண்ணாடித் தகடு அங்கேதான் இருந்தது. நீரில் ஊறி, ஒரு மூலை உடைந்து, எப்படியோ பிழைத்தது.

ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையும் டன்பாரின் வீடும் இன்று ஒரே தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதிகள். 1992இல் அமைத்தார்கள். பூங்காவுக்கு வைத்த பெயர் டேட்டன் விமானப் பாரம்பரியப் பூங்கா. அதாவது கவிஞர் விமானத்தின் டிக்கெட்டில்தான் உள்ளே போயிருக்கிறார். பெயர் வைத்தவர்களுக்கு இது உறுத்தவில்லையா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.