ஐப்பசியில் நடுவோம்

(திருகோணமலையில் தந்தை செல்வா நினைவுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மாரே, இடம் கிடைக்காமல் வாசலில் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே,

இலங்கைத் தமிழரின் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்துக்கு, நம் தந்தை செல்வாவுக்கு, இந்த நகரில் ஒரு நினைவுத் தோட்டம் வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறேன். சிலைகளோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் சிலைக்கு வருடத்தில் ஒரு நாள் மாலை விழுகிறது. மற்ற நாட்களில் காகம்தான் வந்து உட்காருகிறது. யாழ்ப்பாணத்தில் பொது நூலகத்துக்கு அருகே அவருக்கு உயர்ந்த தூபி இருக்கிறது. ஏப்ரல் 26ஆம் திகதி, அவர் மறைந்த நாளில், அங்கே மக்கள் கூடுகிறார்கள். நல்லது. நான் கேட்பது மற்ற 364 நாட்களுக்கான இடம்.

திருகோணமலைக்கும் அவருக்கும் என்ன உறவு என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். அவர் 1898இல் பிறந்தது மலாயாவின் ஈப்போவில். வளர்ந்தது தெல்லிப்பழையில். வழக்கறிஞராகப் பெயர் எடுத்தது கொழும்பில். நின்ற தொகுதி காங்கேசன்துறை. ஆனால் 1949 டிசம்பரில் அவர் தொடங்கிய தமிழரசுக் கட்சி, தன் முதலாவது தேசிய மாநாட்டை 1951 ஏப்ரலில் கூட்டியது இந்த ஊரில். அடுத்த வருடம் பொதுத் தேர்தல். கட்சிக்குக் கிடைத்தவை 2 ஆசனங்கள் மட்டுமே. தலைவரே காங்கேசன்துறையில் தோற்றுப்போனார். வென்ற இரண்டில் ஒன்று கோப்பாய், வன்னியசிங்கம். மற்றது திருகோணமலை, இராசவரோதயம். சொந்தத் தொகுதி அவரைக் கைவிட்ட வருடத்தில் அவருடைய கட்சியைத் தாங்கிப் பிடித்தது இந்த ஊர். இதைச் சொல்ல நமக்கு ஏனோ கூச்சம். நான் கூச்சப்படப்போவதில்லை.

பிறகு 1956. யூன் 5ஆம் திகதி, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, கொழும்பு காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடித்துத் துரத்தப்பட்டார்கள். அவர்கள் அதற்குப் பதில் சொன்ன இடமும் இதுதான். ஒகஸ்ட் மாதத்தில் பல திசைகளிலிருந்தும் மக்கள் நடந்து வந்தார்கள்; திருமலை யாத்திரை என்று இன்றும் மூத்தவர்கள் சொல்வது அதைத்தான். இங்கே கூடிய மாநாடு அரசாங்கத்துக்கு ஒரு வருடக் கெடு வைத்தது. கெடு முடியுமுன்பே, 1957 யூலையில், பிரதமர் பண்டாரநாயக்கா செல்வாவுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அடுத்த ஏப்ரலில் அதைக் கைவிட்டார். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும், அதில் நேரம் செலவிடவில்லை.

அந்த மாநாட்டின் கோரிக்கைகளில்தான் நிற்க விரும்புகிறேன். அவை நான்கு. கூட்டாட்சி, தமிழ் மொழிக்குச் சம அந்தஸ்து, குடியேற்றங்களை நிறுத்துதல் என்ற மூன்றையும் எந்த மேடையிலும் கேட்கலாம். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களை நீக்கவேண்டும் என்ற கோரிக்கைதான் பேச்சாளர்களின் நாவில் வழுக்கிவிடுகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் ஏறத்தாழ 7 இலட்சம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கி, வாக்கையும் பறித்தன. செல்வநாயகம் அப்போது இருந்த தமிழ்க் காங்கிரசின் தலைமை அரசாங்கத்தில் சேர்ந்தபோது அவர் சேரவில்லை, பிரிந்தார். யாருக்காக? காங்கேசன்துறையில் அவருக்கு ஒரு வாக்குக்கூடப் போடமுடியாத மக்களுக்காக. தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளிலிருந்து அவருக்கு என்ன அரசியல் இலாபம் வந்திருக்க முடியும்? 1952இல் கிடைத்தது தோல்விதான்.

ஆகவே தோட்டத்தில் ஒரு கல் வைத்தால், அதில் அவருடைய பட்டங்களை அடுக்கவேண்டாம். அந்த நான்கு கோரிக்கைகளையும் முழுமையாக வெட்டுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெட்டுங்கள். கோணேசர் கோயிலுக்கு வரும் தெற்கத்திய யாத்திரிகரும் வாசிக்கட்டும். கிண்ணியாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியரும் வாசித்துக் காட்டட்டும். திறந்துவைத்தவரின் பெயர் கல்லின் பின்பக்கத்தில் இருந்தால் போதும். (சிரிக்கிறீர்கள். எந்தப் பெயர்கள் முன்பக்கத்துக்குப் போட்டியிடும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.)

இனி மண்ணுக்கு வருகிறேன். டெல்லியில் காந்தியின் ராஜ்காட்டைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். 1948 ஜனவரி 31இல் அவரைத் தகனம் செய்த இடத்தில் ஒரு கறுப்புப் பளிங்கு மேடை, சுற்றிலும் புல்வெளி, உலகத் தலைவர்கள் நட்ட மரங்கள். அதைப் பார்த்துவிட்டு நாமும் ஏப்ரல் 26இல் பிரமுகர்களை வரவழைத்துக் கன்று நடலாம் என்று நினைப்போம். நடவேண்டாம். அங்கே விருந்தினர் தொட்டுவிட்டுப் போன கன்றுக்கு மறுநாள் தண்ணீர் ஊற்றச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. இங்கே சித்திரையில் நட்டால் அடுத்து வருவது கச்சான், அந்த வறண்ட தென்மேற்குக் காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை அது எப்படி வீசும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. படம் பிடித்தவர் வீடு போய்ச் சேருமுன் கன்று தலை சாய்ந்துவிடும். நினைவு நாளுக்குப் பேச்சும் பூவும் போதும். நடுகை ஐப்பசி மழைக்கு நடக்கட்டும்.

உப்புக் காற்றுக்குத் தாங்கும் மரங்கள் நமக்கு உண்டு: வேம்பு, பூவரசு, புன்னை. குளிர்ப் பிரதேசத்துப் பூச்செடிகளைக் கொண்டுவந்து பவுசரில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றும் வேலை வேண்டாம். அடுத்தது மான்கள். கோட்டையிலிருந்து இறங்கி வீதியில் உலாவும் நம் மான்களுக்குத் தலைவர் யார், தொண்டர் யார் என்ற பேதம் கிடையாது. எட்டுகிற தளிரைத் தின்றுவிடும். கன்றுகள் ஆள் உயரம் வரும்வரை வேலி வேண்டும். மானை விரட்ட வேண்டும் என்று யாரும் தீர்மானம் கொண்டுவராதீர்கள். இந்த ஊரில் அவையும் பழைய குடிகள்.

பராமரிப்பு என்றால் என்ன என்று பார்க்க டெல்லிக்குப் போகவும் வேண்டாம். நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. எங்கிருந்தோ வந்து இறந்த படைவீரர்கள். அவர்களுடைய ஊரார் இங்கே வருவது அபூர்வம். ஆனாலும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு அதைப் பேணுகிறது. அந்த ஆணைக்குழுவின் விதி, பதவி பார்த்துக் கல்லறைக்குத் தனி மரியாதை இல்லை, பராமரிப்புக்கு முடிவுத் திகதியும் இல்லை. நாம் திறப்புவிழாவுக்குப் பணம் சேர்ப்போம். பந்தலுக்கும் பொன்னாடைக்கும் தாராளமாகக் கொடுப்போம். தோட்டக்காரரின் மாதச் சம்பளம் என்றதும் குரல் தாழ்ந்துவிடும்.

ஒரு வேண்டுகோள் மிச்சம் இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் மேடை கட்டாதீர்கள், ஒலிபெருக்கியும் வேண்டாம். கடைசி வருடங்களில் நடுக்க நோயால் அவருடைய குரல் மிகவும் தளர்ந்திருந்தது. அருகே போய்க் காது கொடுத்துக் கேட்கவேண்டும். அப்படிக் கேட்கவும் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். மேடைக்குப் பதிலாக மர நிழலில் வாங்குகள் போடுங்கள். ஒரு குடிநீர்க் குழாய் வையுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மூதூர்ப் பெண்ணும், பென்சன் எடுக்க வந்த தம்பலகாமத்துப் பெரியவரும் உட்காரட்டும்.

ஐப்பசிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் கிணறும் வேலியும் ஆகவேண்டும். கல் அடுத்த வருடம் வரட்டும். தோட்டக்காரரின் முதல் வருடச் சம்பளத்துக்கு ஒரு கணக்கு இன்றைக்கே திறப்போம். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கொப்பி இருக்கும்.