கூலி வாங்கியவர் சொல்லும் சாட்சி

(அறுப்பின் பண்டிகையின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சேகர குருவானவர் அவர்களே, உபதேசியார் ஐயா அவர்களே, தாய்மார்களே, பெரியவர்களே, தூண் மறைவில் இடம் பிடித்திருக்கும் தம்பிமாரே, அனைவருக்கும் தோத்திரம்.

நான் பிரசங்கியார் அல்ல. கணக்கு எழுதிப் பிழைத்தவன். அதனாலோ என்னவோ, வேதாகமத்தைத் திறந்தாலும் கொடுக்கல் வாங்கல் பேசும் வசனங்களே என் கண்ணில் முதலில் படுகின்றன. தேடிப் பார்த்தால் அவை கொஞ்சநஞ்சமல்ல. நாம்தான் அவற்றை வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

நம் சபைகளில் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. கர்த்தர் தன்னை எப்படி மாற்றினார் என்று ஒருவர் எழுந்து சொல்வார், நாம் ஆமென் என்போம். நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தன் வழக்குக்குத் தன்னை மட்டுமே சாட்சியாக நிறுத்தி எந்தக் கோர்ட்டில் ஜெயிக்க முடியும்? யோவான் ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். தம்மைக்குறித்துத் தாமே சாட்சி கொடுத்தால் அது மெய்யாக இராது என்கிறார் இயேசு. தமக்காகச் சாட்சி கொடுக்கிற வேறொருவர் இருக்கிறார் என்கிறார். அவருக்கே அந்த நியாயம் என்றால் நமக்கு என்ன விலக்கு?

சரி, நமக்கு யார் சாட்சி? குருவானவரைக் கேட்டுப் பயனில்லை. அவர் நம்மைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையில். வீட்டாரைக் கேட்டால் மானத்துக்கு அஞ்சி நல்லதாகவே சொல்வார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவைக் கேளுங்கள். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவரை, கடையில் பொட்டலம் கட்டும் பையனை, போன வருடம் மாடி கட்டித் தந்த கொத்தனாரைக் கேளுங்கள். நம்மிடம் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு நம் விசுவாசத்தின் உண்மை நிலவரம் தெரியும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

உபாகமம் இருபத்துநான்காம் அதிகாரம் கூலிக்காரனைப் பற்றிப் பேசுகிறது. வேலை செய்த அன்றைக்கே, பொழுதுபோகுமுன்னே கூலியைக் கொடுத்துவிட வேண்டும். ஏன்? "அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்" என்கிறது வேதம். அந்த ஆவலைக் கண்டிருக்கிறீர்களா? சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்காகக் காத்து நிற்கும் பெண்ணின் கையில் ஒரு வெறும் பை இருக்கும். கடை அடைப்பதற்குள் அதில் அரிசி விழ வேண்டும். "சில்லறை இல்லை, திங்கள்கிழமை வா" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நமக்கு அது இரண்டு நாள் தவணை. அந்த வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு. அதே அதிகாரம், உன் வாசல்களில் இருக்கும் அந்நியனுக்கும் இந்தச் சட்டம் உண்டு என்கிறது. இன்று நம் ஊர்களில் கம்பி கட்டுவதற்கும் ஓட்டலில் தட்டுக் கழுவுவதற்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். மொழி தெரியாதவனிடம் கணக்கைக் குறைத்துச் சொல்வது எவ்வளவு சுலபம் என்பதைக் கணக்கு எழுதுகிறவனிடம் கேளுங்கள், சொல்கிறேன்.

எரேமியா இருபத்திரண்டாம் அதிகாரத்தில் யோயாக்கீம் ராஜா அரண்மனை கட்டுகிறான். விசாலமான மேலறைகள், பலகணிகள், கேதுருப் பலகை, அதன்மேல் சிவப்பு வண்ணப் பூச்சு. எல்லாம் இருக்கிறது, வேலையாளுக்குக் கூலி மட்டும் இல்லை. தீர்க்கதரிசி அவனுடைய தகப்பன் யோசியாவை நினைவூட்டுகிறார். அவனும் பட்டினி கிடந்த சந்நியாசி அல்லவே, சாப்பிட்டான், குடித்தான், ஆனால் சிறுமையும் எளிமையுமானவனின் நியாயத்தை விசாரித்தான் என்கிறார். அடுத்து வருகிற வரியை எங்கள் தாத்தா சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருந்தார். அப்படிச் செய்வதுதானே என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் கேட்கிறார். தேவனை அறிய நாம் முகாம் நடத்துகிறோம், மூன்று நாள் உபவாசக் கூட்டம் போடுகிறோம், வெளியூரிலிருந்து பிரசங்கியாரை வரவழைக்கிறோம். எரேமியா சொல்லும் வழிக்குப் பந்தல் செலவுகூடக் கிடையாது.

இன்று காலை இந்த வளாகத்தில் காணிக்கைப் பொருள்கள் ஏலம் போயின. ஒரு வாழைத்தார் என்ன விலைக்குப் போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். கர்த்தருக்கென்று கொடுக்கிற உற்சாகத்தை நான் கேலி செய்யவில்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்து ஊழியம் வளர்த்த தாய்மார்களின் பிள்ளைகள் நாம். ஆனாலும் ஏலத்தில் கை தூக்குகிறவரை, அவருடைய தோட்டத்தில் அந்த வாழைக்கு மண் அணைத்தவர் மதிலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தால்? அவருக்குப் போன மாதப் பாக்கி இருந்தால்? ஒற்தலாம் என்கிற புதினாவிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி நீதியை விட்டுவிட்டீர்கள் என்று இயேசு சொன்னபோது, பரிசேயரும் இதே மாதிரி துல்லியமாகக் கணக்கு வைத்திருந்தவர்கள்தான்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யோர்தான் கரையில் வரி வசூலிக்கும் ஆயக்காரர்கள் வந்து யோவான்ஸ்நானனிடம், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். வேலையை விட்டுவிடு, வனாந்தரத்துக்கு வா என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்றார். அந்த நாற்காலியிலேயே உட்காரலாம், கை மட்டும் மேஜைக்கு அடியில் போகக் கூடாது!

அப்படி உட்கார்ந்தவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். 1826-இல் திருச்சிக்கு அருகே குளத்தூரில் பிறந்த வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர், மாயவரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வேலை பார்த்தவர். கைக்கூலி வாங்குகிறவர்களைச் சாடிப் பாட்டு எழுதினார், தன் கையையும் சுத்தமாக வைத்திருந்தார். 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் தன் சொத்தைச் செலவழித்துக் கஞ்சி வார்த்தார். அதைப் பார்த்து அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் சரித்திரம் பாடிய சைவர். ஒரு கிறிஸ்தவருக்கு இதைவிடப் பெரிய சாட்சி எந்தத் திருச்சபைப் பதிவேட்டில் கிடைக்கும்?

கூலி மட்டும் கொடுத்துவிட்டால் போதுமா என்றால், போதாது. இதை நம் மண்ணின் மைந்தர் ஒருவரே சொல்லிவிட்டார். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, பின்னாளில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலின் பேராயர். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், அவர்களில் ஆசியர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். அங்கே எழுந்து நின்று, இந்திய ஊழியருக்கும் வெள்ளைக்கார மிஷனரிக்கும் இடையே சம்பளம் கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவுதானே இருக்கிறது என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். ஏழைகளுக்காக உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், நண்பர்களைத் தாருங்கள் என்றார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை அப்படியே திருப்பி வைத்தார். அந்தப் பேச்சைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம், வெள்ளைக்காரருக்கு நன்றாகக் கொடுத்தார் என்று. நம் வீட்டு அடுக்களையில் வேலைக்கார அக்காவுக்கென்று தனி டம்ளர் ஒன்று அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறதே, அசரியா இன்று வந்தால் அதைப் பார்த்துவிட்டு என்ன பேசுவார்? சாதி நம் கல்லறைத் தோட்டம் வரைக்கும் வந்துவிட்டது என்பதை இந்த மேடையில் நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியும்.

கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். தகப்பனார் காலத்தில் ஒரு வேலையாளுக்குக் கொடுக்காமல் விட்ட பணம் இருக்கிறது, அந்த ஆளும் இப்போது இல்லை, என்ன செய்வது என்று. நல்ல கேள்வி. அதற்கும் வேதத்தில் ஒழுங்கு இருக்கிறது. எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம். முதலில் குற்றத்தை அறிக்கையிட வேண்டும். முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, பாதிக்கப்பட்டவனுக்கே கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லாமல் போனால்தான் அது ஆசாரியனிடம் சேரும். வரிசையைக் கவனியுங்கள். நாம் நேராகக் காணிக்கைப் பெட்டிக்குப் போய்விடுகிறோம், அங்கே கேள்வி கேட்பார் இல்லை என்பதால். தம்பி, அந்த மனிதருக்கு மகனோ மகளோ இருப்பார்கள். பழைய நோட்டை எடுத்துத் தொகையைப் பாருங்கள், ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். அன்றைய ரூபாய் இன்றைக்கு எவ்வளவு என்பதையும் கணக்கில் சேருங்கள். கூட்டல் கணக்கில் சந்தேகம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், அந்த வேலை எனக்குத் தெரியும்.