வாசலில் நிற்கும் பிள்ளை

அன்பார்ந்த ஆசிரியர்களே, பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளி விடும் மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள். இன்றைய அமெரிக்காவில் ஓடாமல் நின்று, கார் வரிசையைக் கண்ணால் துழாவுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். குடிவரவு ஆவணம் இல்லாத அம்மா பிடிபடாமல் வந்திருக்கிறாளா? பள்ளிகளிலும் ஆலயங்களிலும் குடிவரவு அதிகாரிகள் பொதுவாகக் கைது நடவடிக்கையில் இறங்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2011 முதல் இருந்தது. 2025 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். தெருவோடு நின்றிருந்த பயம் வகுப்பறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே 2025ஆம் ஆண்டுதான் கத்தோலிக்கத் திருச்சபை கொண்டாடிய யூபிலி என்னும் புனித ஆண்டு. ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்று நாம் பதாகை கட்டினோம். எதிர்நோக்கு ஒருபோதும் ஏமாற்றம் தராது என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதினார். வாசலில் நிற்கும் அந்தப் பிள்ளைக்கு இதை எப்படிப் புரியவைப்பது? அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

கத்தோலிக்கப் பள்ளி புலம்பெயர்ந்தோருக்கு இடம் கொடுக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். இந்த நாட்டில் அந்தப் பள்ளிகளைக் கட்டியவர்களே புலம்பெயர்ந்தோர்தாம். 1844இல் பிலடெல்பியாவில், அரசுப் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் எந்த விவிலிய மொழிபெயர்ப்பைப் படிப்பது என்று எழுந்த தகராறு கலவரமாக மூண்டது. ஐரிஷ் மக்களின் வீடுகளோடு இரண்டு கத்தோலிக்க ஆலயங்களும் எரிந்தன. எட்டு ஆண்டுகள் கழித்து அந்த ஊருக்கு ஆயராக, அதாவது பிஷப்பாக, வந்தார் யோவான் நியூமன். பொஹீமியாவிலிருந்து கப்பலேறி வந்தவர். ஐரிஷ் மொழி மட்டுமே தெரிந்த எளியவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பதற்காகவே அம்மொழியைக் கற்றவர். அமெரிக்காவின் முதல் மறைமாவட்டப் பள்ளி அமைப்பு, அதாவது ஓர் ஆயரின் பகுதியிலுள்ள பள்ளிகளை ஒன்றாக நடத்தும் ஏற்பாடு, அவர் உருவாக்கியதுதான். 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள், இரண்டு ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒவ்வோர் ஆலயத்தைச் சேர்ந்த வட்டாரத்திலும், ஒரு பள்ளி வேண்டும் என்றார்கள். செலவைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த ஐரிஷ், ஜெர்மானிய, போலந்துக் குடும்பத்தார். வந்தேறிகள் என்று ஏசப்பட்ட கைகள் போட்ட காணிக்கை அது!

அந்த வழக்கம் அறுந்துவிடவில்லை. சிகாகோவின் பில்சன் பகுதி மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்தது. 1996இல் இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவு சபையினர் அங்கே கிறிஸ்டோ ரே உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள், என்ன செய்வது? நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து ஓர் அலுவலக வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வாரத்தில் ஏறத்தாழ ஒரு நாள் ஒருவர் போவார், மற்ற நாள்களில் படிப்பு. கிடைக்கும் சம்பளம் கல்விக் கட்டணத்துக்குப் போகிறது. நான் இதில் பெரிதாக மதிப்பது பணத்தை அல்ல. அப்பா இரவில் கூட்டிப் பெருக்கும் அதே மாதிரிக் கட்டடத்துக்குள் மகள் பகலில் அடையாள அட்டையோடு நுழைகிறாள். நாளை என்று ஒன்று தனக்கும் இருக்கிறது என்பதை அவள் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி நம் கதைக்கு வருகிறேன். நம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் விசாவோடு விமானத்தில் வந்து இறங்கியவர்கள். “நாம் முறையாக வந்தோம், அவர்கள் அப்படியா?” என்று சாப்பாட்டு மேசையில் கேட்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து நம் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். மறுநாள் வகுப்பில் அவன் யாரோடு சேர்ந்து சாப்பிட மாட்டான் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. இது எனக்கு மிகவும் வலிக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடவில்லை, எந்த எல்லையையும் தானாகத் தாண்டவில்லை. நம் பிள்ளைகளின் நீண்ட பெயரைத் தவறாகச் சொல்லி வகுப்பே சிரித்த நாளில் நம் நெஞ்சு பட்ட பாடு மறந்தா போயிற்று?

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். பள்ளி அலுவலகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் அவசரத் தொடர்புப் படிவம் இருக்கிறது. பெற்றோர் வர முடியாமல் போனால் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று அதில் எழுத வேண்டும். உறவென்று யாரும் இல்லாத ஊரில் அந்த இடத்தில் சில குடும்பங்கள் யார் பெயரை எழுதும்? உங்கள் பிள்ளையின் வகுப்பில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் முதலில் அவர்களோடு பழகுங்கள், ஒருநாள் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். நம்பிக்கை வந்தபின் அவர்களே விரும்பினால் உங்கள் பெயரைத் தாருங்கள். நான் ஒரு குடும்பத்துக்குத் தந்திருக்கிறேன். அந்த வீட்டுச் சிறுமிக்கு என் கார் எது என்று இப்போது தெரியும்.