எல்லா மேட்சும் தோத்தாச்சு, ஆனா ஒரு கோல் போட்டோம்லா!

மக்களே வணக்கம், தொண்ட கரகரன்னு இருக்கும், கண்டுக்கிடாதீங்க, நேத்து கத்துன கத்து அப்படி. நம்ம மருமவன் ஸ்கூல் ஃபுட்பால் டீமு இந்த சீசன்ல ஆடுன எல்லா மேட்சும் தோல்வி. நேத்து கடைசி மேட்சு, 4-1. அந்த ஒண்ணு இருக்கே, அதுக்கு வாறேன்.

அதுக்கு முன்ன ஒரு எரிச்சல். சாயாக்கடையில இருந்துகிட்டு, தூத்தூர், சின்னத்துறைன்னு கடற்கரை பூரா பந்து ஆடுற ஊரு, ஐஎஸ்எல்னு பெரிய ஃபுட்பால் லீக்ல ஆடுன மைக்கேல் சூசைராஜே நம்ம இரவிபுத்தன்துறைக்காரரு, இவனுவளுக்கு என்ன கேடுன்னு பேசுதாவ. லே, பயலுவ பிராக்டிஸ் பூரா கடல் மணல்ல, வெறுங்காலுல. மணல்ல பந்து விழுந்த எடத்துலயே கெடக்கும். மேட்சு நடக்குறது காஞ்ச செம்மண் கிரவுண்டுல, அங்க குத்துன பந்து இடுப்பு ஒசரத்துக்கு எழும்புது, காலுல வாங்குறதுக்குள்ள எதிராளி கொண்டு போயிருதான்.

காலுல போடுற பூட்ஸ் கத வேற. எங்க அக்கா நல்லதுன்னு நெனச்சு அடியில நீள ஸ்டட், அதான் குமிழு, வச்சது வாங்கிக் குடுத்திருக்கா. அது புல்லுத்தரைக்கு உள்ளது, கட்டாந்தரையில எறங்கவே எறங்காது, பய பனிக்கட்டியில நடக்கமாதிரி வழுக்குதான், குதிங்கால் வலி வேற. செரின்னு நாகர்கோவில்ல ஒரு கடையில சின்னச் சின்ன ஸ்டட் நெறைய உள்ளது எடுத்தேன். 1,150 சொன்னாரு. நான் வெல பேசுறது உங்களுக்குத்தான் தெரியுமே! 900. சாக்ஸ் ஒண்ணு சும்மா தாங்கன்னேன், முறைச்சாரு. ஆங், லேஸ் தனியா 30 ரூவா வாங்கிட்டாரு, அப்ப 930, அதுதான் இப்பவும் ஆறமாட்டேங்குது.

இப்ப கோல். செகண்ட் ஹாஃப், கார்னர். பந்து ஒரு குத்து குத்தி எழும்புது, எல்லாவனும் நிறுத்தப் பாப்பான், நம்ம பய நிறுத்தல, ஓடுன ஓட்டத்துல கால நீட்டுனான், கணைக்கால்ல பட்டு உள்ள! பூட்ஸ்ல படவே இல்ல, 930 ரூவா பூட்ஸ்! இந்தா வீடியோவ திரும்ப போடுதேன் பாருங்க. இன்னொருக்கா.

அய்யோ முக்கியமானத விட்டுட்டேன். நம்ம பய ஜெர்சியில 17-ல உள்ள ஒண்ணு எப்பவோ உரிஞ்சு போச்சு, ரெஃப்ரி 7-ன்னு குறிச்சிட்டாரு. நெசமாவே 7 போட்ட பய பெஞ்சுல மட்டிப்பழம் தின்னுகிட்டு இருந்தான், அதுவும் நான் கொண்டுபோன பழம், இப்ப கோல் அவன் கணக்குல நிக்குது, அவனும் வாயத் தொறக்கல!