எழுத்துக்குப் பொருள் தெரிந்தவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். சாப்பிட்டதைச் செரிக்க வைக்கும் நொதிகள் புரதங்கள். முடியும் நகமும்கூடப் பெரும்பாலும் புரதம்தான். எல்லாமே 20 வகை அமினோ அமிலங்களை வெவ்வேறு வரிசையில் கோத்து உருவானவை. அந்த வரிசை டி.என்.ஏ.வில் எழுதியிருக்கிறது. இதுவரை பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். ஆனால் பாடம் அவசரமாகத் தாண்டிப்போகும் ஓர் இடம் உண்டு. டி.என்.ஏ.வில் இருப்பவை ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். எந்த எழுத்துக்கு எந்த அமிலம் என்பது செல்லுக்குள் யாருக்குத் தெரியும்? இன்றைக்கு அந்த ஆளைத்தான் தேடப் போகிறோம்.

முதல் கட்டத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். நம் செல்களில் டி.என்.ஏ.வின் பெரும்பகுதி உட்கருவுக்குள் இருக்கிறது. அது வெளியே வருவதில்லை. வேண்டிய மரபணுவை மட்டும் ஒரு நொதி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. படியில் டி வரவேண்டிய இடத்தில் யு வரும். நடுவே தேவைப்படாத துண்டுகளை வெட்டி நீக்கி, மிச்சத்தை ஒட்டிச் சேர்த்து வெளியே அனுப்புவார்கள். இதுதான் தூது ஆர்.என்.ஏ.

இனி எண்ணிக்கையைப் பாருங்கள். ஓர் எழுத்துக்கு ஓர் அமிலம் என்றால் நான்கோடு முடிந்துவிடும். இரண்டிரண்டாக வாசித்தால் 16, அதுவும் போதாது. மும்மூன்றாக வாசித்தால் 64 சேர்க்கைகள், தாராளம். 1961-இல் மார்ஷல் நிரென்பெர்க்கும் ஹைன்ரிக் மத்தேயியும் யு எழுத்து மட்டுமே வரிசையாக வரும் ஓர் ஆர்.என்.ஏ.வை, பாக்டீரியாக்களை உடைத்து எடுத்த சாற்றில் போட்டார்கள். வந்த புரதச் சங்கிலியில் ஃபினைல்அலனின் என்ற ஒரே அமிலம் மட்டும் திரும்பத் திரும்ப இருந்தது. ஆக, யுயுயு என்றால் ஃபினைல்அலனின். ஹர் கோவிந்த் கொரானா இன்னும் நுணுக்கமாகப் போனார். யு, சி, யு, சி என்று மாறி மாறி வரும் ஆர்.என்.ஏ.வைத் தயாரித்தார். மும்மூன்றாக வாசித்தால் அதில் யுசியு, சியுசி என்ற இரண்டு சொற்கள்தானே மாறி மாறி வர முடியும்? புரதத்திலும் செரின், லூசின் என்ற இரண்டு அமிலங்கள் மாறி மாறி வந்தன. சில ஆண்டுகளிலேயே அட்டவணை முழுவதும் தெரிந்துவிட்டது. 61 சேர்க்கைகளுக்கு அமிலம் உண்டு. மூன்றுக்கு ‘நிறுத்து’ என்று பொருள்.

சரி, அட்டவணை நமக்குத் தெரியும். செல்லுக்கு?

ரைபோசோமுக்குத் தெரியும் என்றுதான் பலரும் சொல்வார்கள். புரதத்தைக் கோக்கும் இயந்திரம் அதுதான். பாக்டீரியாவில் ஒரு நொடிக்கு 20 அமிலம் வரைகூடக் கோக்கும். அதன் அணு அளவிலான அமைப்பைக் கண்டறிந்ததற்காக வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவரும் 2009-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். அமிலங்களைச் சுமந்து வருபவை கடத்து ஆர்.என்.ஏ.க்கள்: ஒரு முனையில் அமிலம், இன்னொரு பக்கம் மூன்று எழுத்துகள். அந்த மூன்றும் தூது ஆர்.என்.ஏ.வின் மூன்றோடு பொருந்துகின்றனவா என்று ரைபோசோம் தடவிப் பார்க்கிறது. முதல் இரண்டு எழுத்தில் படு கறார். மூன்றாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

ஆனால் மறுமுனையில் தொங்கும் அமிலம் சரியானதா என்று அது பார்க்கிறதா? 1962-இல் ஒரு குறும்பான சோதனை நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை. சிஸ்டீன் ஏறியிருந்த கடத்து ஆர்.என்.ஏ.வை எடுத்து, அந்த அமிலத்திலிருந்த கந்தகத்தை மட்டும் வேதிமுறையில் கழற்றினார்கள். சிஸ்டீன் அலனினாக மாறிவிட்டது. சுமந்து வரும் ஆள் மட்டும் பழைய ஆள். ரைபோசோம் எந்தத் தயக்கமும் இல்லாமல், சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனினைக் கோத்துவிட்டது. எழுத்து பொருந்தியதா, போதும். பொருள் அதற்குத் தெரியாது.

அப்படியென்றால் பொருள் தெரிந்தது, சரியான கடத்து ஆர்.என்.ஏ.வில் சரியான அமிலத்தை ஏற்றிவிடும் நொதிகளுக்குத்தான். பொதுவாக ஓர் அமிலத்துக்கு ஒரு நொதி. பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிய விஷயம்!

இவற்றில் ஐசோலூசினை ஏற்றும் நொதியின் பாடு திண்டாட்டம். வேலின் என்ற இன்னோர் அமிலம் அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான் குறைவு. பெரியதைத் தடுப்பது எளிது, நொதியில் அமிலம் வந்து உட்காரும் குழியில் அது நுழையாது. ஐசோலூசினைவிடச் சிறியதை எப்படித் தடுப்பது? இந்த இடத்தில் தவறு அடிக்கடி நடந்தே தீரும் என்று லைனஸ் பாலிங் 1950-களில் கணக்குப் போட்டார். அளந்து பார்த்தால், ஏறக்குறைய 3,000-க்கு ஒரு தவறுதான். 1970-களில் ஆலன் ஃபெர்ஷ்ட் இதற்கு விளக்கம் தந்தார்: நொதியில் இரண்டு சல்லடைகள். முதல் குழியில் ஐசோலூசினைவிடப் பெரியவை நுழையாது. வேலின் சில நேரம் நுழைந்துவிடும். அப்புறம் இரண்டாவது குழி. அது ஐசோலூசினுக்குச் சிறியது, வேலினுக்குச் சரியான அளவு. அதற்குள் போன அமிலம் எதுவானாலும் துண்டித்து வெளியே தள்ளப்படும். சரியானது உள்ளே போக முடியாததால் தப்பிக்கிறது.

தோல் தொற்றுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் முபிரோசின் களிம்பு தாக்குவது பாக்டீரியாவின் இதே நொதியைத்தான். மருந்து ஒட்டிக்கொண்டதும் ஐசோலூசினை ஏற்ற ஆள் இல்லை. புரதத் தயாரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. நம் செல்களில் உள்ள நொதியின் வடிவம் வேறு என்பதால் அதை மருந்து பெரிதாகச் சீண்டுவதில்லை. பாக்டீரியாக்களும் சும்மா இருக்கவில்லை. சில ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகள், மருந்துக்குப் பிடிகொடுக்காத இன்னொரு ஐசோலூசின் நொதிக்கான மரபணுவை மற்ற பாக்டீரியாக்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டிருக்கின்றன.

நன்றி, வணக்கம்.