எதிரிப் படைக்கு ஏன் பீரங்கி இல்லை?

வணக்கம் நேயர்களே. ஈயச் சிப்பாய் பொம்மைகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்தரை சென்டிமீட்டர் உயரம், சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி, தோளில் துப்பாக்கி. யார் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலாவது நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதில் நான் பல வருஷமாகச் சேர்த்துவருவது ஒரு தனி ரகம். பிரிட்டிஷ் பேரரசு தன் எல்லைகளில் நடத்திய சண்டைகளைக் காட்டும் பொம்மைகள்: தென்னாப்பிரிக்காவில் ஜூலுக்களோடு நடந்தது, கைபர் பக்கம் பட்டாணியரோடு நடந்தது, சூடானில் நடந்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் சிவப்புச் சட்டைக்காரனைத்தான் கையில் எடுப்பார்கள். எதிரே நிற்பவனை எடுத்துப் பாருங்கள் என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். இன்றைக்கு இதையே நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இவை எப்படிப் பெருகின என்று சொல்லிவிடுகிறேன். 1893 வரைக்கும் இங்கிலாந்தில் விற்ற நல்ல பொம்மைச் சிப்பாய்கள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்தவை. முழுக்க ஈயம், நல்ல கனம், விலையும் அதிகம். அந்த வருஷம் லண்டனில் பொம்மை செய்துகொண்டிருந்த, பிரிட்டன் என்றே பெயர்கொண்ட ஒரு குடும்பத்தில் மகன் வில்லியம் ஒரு வழி கண்டுபிடித்தார். உருக்கிய ஈயக் கலவையை உலோக அச்சில் ஊற்றினால், அச்சைத் தொடுகிற இடம்தான் முதலில் இறுகும். நடுவில் இருப்பது குழம்பாக இருக்கும்போதே அச்சைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டியது. உள்ளே வெறும் கூடு, வெளியே முழுச் சிப்பாய். ஈயம் மிச்சம், எடையும் குறைவு. காலாட்படை என்றால் எட்டுப் பேர், குதிரைப்படை என்றால் ஐந்து பேர், சிவப்பு அட்டைப்பெட்டியில் போட்டு ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். கேமேஜஸ் என்ற பெரிய லண்டன் கடை அதை எடுத்து விற்கத் தொடங்கியதும் பிரிட்டன்ஸ் என்ற பெயர் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அந்தப் பெட்டிகளில் மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி சிப்பாய்களும் இருந்தார்கள், தெரியுமா? நம் ஊர்ப் படையில் இருந்தவர்களை லண்டன் பையன்கள் தரையில் வரிசை கட்டி விளையாடியிருக்கிறார்கள்.

இதற்கு முந்தைய காலத்தில் நடந்த ஒரு கதை இருக்கிறது. இதைச் சொல்லாமல் நான் எங்கேயும் பேச்சை முடித்ததில்லை. வின்ஸ்டன் சர்ச்சில் சின்னப் பையனாக இருந்தபோது அவரிடம் ஏறக்குறைய 1,500 பொம்மைச் சிப்பாய்கள் இருந்தன. அத்தனையும் ஒரே அளவு, அத்தனையும் பிரிட்டிஷ் படை, நிறைய பீரங்கி வேறு. வண்டி வாகனம் மட்டும் போதவில்லை. அப்பாவின் நண்பர் ஒருவர் அதைக் கவனித்து, வாங்கிக்கொள் என்று காசு கொடுத்தாராம். ஒருநாள் அப்பா, ராண்டால்ஃப் சர்ச்சில், படையைப் பார்வையிட வந்தார். இருபது நிமிஷம் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, ராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்டார். பையன் உடனே சரி என்றான். அப்பா தன்னிடம் பெரிய படைத்தலைவனைக் கண்டுவிட்டார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தாராம் சர்ச்சில். வக்கீல் தொழிலுக்கு இவனுக்குப் புத்தி போதாது என்றுதான் அப்பா அந்த முடிவுக்கு வந்தார் என்று பிறகு தெரியவந்தது. இதெல்லாம் அவரே தன் நினைவுகளில் எழுதியிருப்பது.

இதுவரை பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு முக்கியமானது அதே பக்கத்தில் வரும் இன்னொரு செய்தி. எதிரிப் படைக்குத் தலைவன் தம்பி ஜாக். விளையாடுவதற்கு முன்பு அண்ணன் ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டார், ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் என்று பெயரும் வைத்து. அதன்படி ஜாக்கின் படையில் வெள்ளையரல்லாத சிப்பாய்கள் மட்டும்தான் இருக்கலாம். அந்தப் படைக்குப் பீரங்கி கிடையாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், பள்ளிக்கூடம் போகிற பையன் இந்த விதியை எங்கே கற்றான்? பள்ளிக்கூடத்தில், பத்திரிகையில், சாப்பாட்டு மேசைப் பேச்சில், சுற்றிலும் இருந்த எல்லாவற்றிலும் அந்த விதி எழுதப்படாமல் இருந்தது. அவன் அதை எழுதி வைத்தான், அவ்வளவுதான். அதே பையன் 1897-ல் இருபத்திரண்டு வயதில் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் இருந்த மலாகண்டுக்குப் போய் நிஜமான எல்லைச் சண்டையில் நின்றான். எதிரே மலைமேலிருந்து அவனை நோக்கிச் சுட்டவர்கள் கையில் நல்ல துப்பாக்கிகள் இருந்தன.

சரி, இப்போது ஒரு பொம்மையைக் கையில் எடுப்போம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன்ஸ் கம்பெனி வெளியிட்ட ஜூலு வீரன். ஓடுகிற நிலை, இடது கையில் கேடயம், வலது கை தோளில் ஒரு சின்னக் குமிழில் மாட்டியிருக்கிறது, மேலும் கீழும் சுழலும். நூறு வருஷம் பிள்ளைகள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பி, தோளைச் சுற்றி வட்டமாக பெயின்ட் தேய்ந்து ஈயம் பளிச்சென்று தெரியும். மூக்கு நுனியிலும் அப்படித்தான். அந்தக் கையில் இருப்பது ஈட்டி அல்லது தடி. துப்பாக்கி இல்லை. பெட்டியில் அவனோடு இருக்கிறவர்களும் அதே முகம், அதே ஓட்டம். இந்தப் பக்கம் சிவப்புச் சட்டைக்காரர்களுக்கு எந்தப் படைப்பிரிவு என்று சட்டைக் கழுத்துப் பட்டையின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம், அவ்வளவு கவனமாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். எதிரே இருப்பவன் யார், எந்தப் பிரிவு? தெரியாது. ஜூலு, அவ்வளவுதான்.

நிஜம் என்ன? 1879 ஜனவரி 22. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷார் ஆண்ட நட்டாலுக்கும் ஜூலு நாட்டுக்கும் எல்லையான பஃபலோ ஆறு. நட்டால் என்றதும் நமக்கு நினைவு வர வேண்டும், 1860-லேயே மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள் இறங்கிய மண் அது. அன்றைக்குப் பகலில் இசாண்ட்ல்வானா என்ற இடத்தில் ஜூலு படை பிரிட்டிஷ் முகாமை அடித்து நொறுக்கியது, பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் செத்தார்கள். மாலையில் பக்கத்திலுள்ள ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சின்ன முகாமில் சுமார் 150 பேர் மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கிச் சுவர் எழுப்பிக்கொண்டு விடியும்வரை தாக்குப்பிடித்தார்கள். 11 பேருக்கு விக்டோரியா கிராஸ் என்ற, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கொடுத்தார்கள். பொம்மைக் கடைகளுக்குப் பிடித்தது இந்த இரண்டாவது கதைதான். இன்றைக்கும் எனக்குக் கிடைக்கும் விலைப்பட்டியல்களில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் பக்கம் பக்கமாக இருக்கும்.

அந்த இரவில் தாக்க வந்தவர்கள் யார் என்று தேடிப் போனபோது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஜூலு படை வயது வாரியாகப் பிரிக்கப்பட்டது. ரோர்க்ஸ் டிரிஃப்டுக்கு வந்தவர்களில் பெரும்பங்கு உதுல்வானா போன்ற மூத்த பிரிவுகள். கல்யாணமாகி, தலையில் வளையம் கட்டிக்கொண்ட, நாற்பது வயதைத் தாண்டியவர்கள். அரசர் செட்ஷ்வாயோவே அந்த உதுல்வானா பிரிவைச் சேர்ந்தவர். கேடயம்கூட அரசருடைய மாட்டுத்தோல்தான், மூத்த பிரிவுக்கு வெளுத்த தோல், இளையவர்களுக்குக் கறுத்தது. துப்பாக்கியும் வைத்திருந்தார்கள். வியாபாரிகளிடம் வாங்கிய பழைய துப்பாக்கிகள், குறி சரியாக விழாது, ஆனாலும் பின்னாலிருந்த மலைச்சரிவில் உட்கார்ந்து முகாமுக்குள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள், உள்ளே ஆட்கள் குண்டடி பட்டு விழுந்தார்கள். பொம்மைப் பெட்டியில் என்ன இருக்கிறது? இருபது வயதுப் பையன், ஈட்டி, ஓட்டம். ஜாக்குக்குப் போட்ட அதே ஒப்பந்தம்தான். அதனால்தான் சொல்கிறேன், எதிரே நிற்பவனைப் பாருங்கள் என்று.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1966-ல் ஈயப் பொம்மை உற்பத்தி நின்றது, பிளாஸ்டிக் வந்தது. அப்புறம் பெரியவர்கள் சேகரிப்பதற்கென்றே உலோகப் பொம்மைகள் திரும்ப வந்தன. அதே பிரிட்டன்ஸ் பொம்மைகள் இப்போது டபிள்யூ. பிரிட்டன் என்ற பெயரில் வருகின்றன, அவற்றில் ஜூலு வீரன் துப்பாக்கியால் குறிபார்க்கிறான், முகத்துக்கு முகம் வித்தியாசம், தலை வளையமும் தெரிகிறது. சிவப்புச் சட்டைக்காரனின் வெள்ளைத் தொப்பியும் பழுப்பாகியிருக்கிறது. நிஜத்தில் சிப்பாய்கள் தொப்பி வெயிலில் பளபளக்காமல் இருக்க தேயிலைச் சாயம் ஏற்றினார்கள். விலை அதிகம், ஒரு பொம்மையே ஆயிரக்கணக்கில் ஆகும். கையில் காசு குறைவு என்றால் இத்தாலியின் எஸ்கி கம்பெனி 1980-களில் வெளியிட்ட சின்ன பிளாஸ்டிக் ஜூலு பெட்டிகளைத் தேடுங்கள், இரண்டு விரற்கடை உயரம்தான், ஆனாலும் நிற்கும் நிலைகள் விதவிதமாக இருக்கும்.

பழைய பொம்மைக்கு மறுபடி பெயின்ட் அடிக்காதீர்கள். இதில் எனக்குக் கோபமே வரும். தேய்ந்த பெயின்ட், ஒடிந்த ஈட்டி, எல்லாம் அப்படியே இருக்கட்டும். புதுப் பெயின்டுக்கு அடியில் போன முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தப்பாக வரைந்த ஜூலு முகம்தான் அந்தக் காலம் என்ன நினைத்தது என்பதற்குச் சாட்சி, அதை அழகாக்கினால் சாட்சியை அழித்த மாதிரி.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வடமேற்கு எல்லையில் சாராகடி என்ற சின்னக் காவல் அரணில் நடந்த சண்டை பற்றிப் பேச நிறைய வைத்திருந்தேன். 1897 செப்டம்பர் 12, சமானா மலைத்தொடர், 36ஆம் சீக்கியப் படைப்பிரிவின் 21 பேர், எதிரே ஆயிரக்கணக்கில் ஒரக்சாய், அஃப்ரீதி என்ற பட்டாணிய இனக்குழு ஆட்கள், கடைசிவரை கண்ணாடி வெளிச்சத்தில் செய்தி அனுப்பிய குர்முக் சிங். அங்கே சுவரின் இரண்டு பக்கமும் நம் பக்கத்து மனிதர்கள், அந்தச் சண்டையின் பொம்மைகளில் யார் எதிரி என்பது வேறு விதமான கேள்வி. இன்னொரு நாள் கூப்பிட்டால் அதை மட்டும் பேசுகிறேன். அவசரமாக ஒன்று: ஈயப் பொம்மைகளை ஓக் மர அலமாரியில் வைக்காதீர்கள், அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். தொட்டால் கை கழுவுங்கள், சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள். வணக்கம்.