பெடல் மிதித்தவன் சாட்சி

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், பொங்கல் பானையை இறக்கிய கையோடு அம்மன் வீதியில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் ஊர் மக்களுக்கும் வணக்கம். மணி நடுவரின் கையில் இருப்பதால் வணக்கத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

போட்டி வானொலிகளால் ஒலிபரப்பின் தொழில்நேர்த்தி வளர்ந்ததா, தேய்ந்ததா என்பது இன்றைய வழக்கு. வளர்ந்தது என்று வாதாட வந்தவன் நான். தலைப்பைச் சொல்லியாயிற்று, இனி, எனக்கு முன்னர் பேசிவிட்டு வெற்றிப் புன்னகையோடு அமர்ந்திருக்கும் எதிரணிச் சகோதரியிடம் வருகிறேன்.

"முல்லைத்தீவுக் கடற்கரையில் மீனை ஏலம் போட்டுக் கூறுகிறவரின் கத்தலுக்கும் இன்றைய பண்பலை அறிவிப்பாளரின் கத்தலுக்கும் எந்த வேறுபாடும் இல்லை, அவர் பாரையை விற்கிறார், இவர் பாட்டை விற்கிறார்" என்று அவர் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். வசனம் நன்றாக இருந்ததால் நானும் தட்டினேன். ஆனால் நடுவர் ஐயா, சகோதரி சமைத்த மீனை மட்டுமே அறிந்தவர் என்பது அந்த ஒரு வசனத்திலேயே தெரிந்துவிட்டது. விடியற்காலையில் முல்லைத்தீவுக் கரைக்கு ஒருமுறை போயிருந்தால் அவர் இந்த உவமையைத் தொட்டிருக்கமாட்டார்.

படகு கரை தட்டியதும் மீனை மணலில் குவிக்கிறார்கள். கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி வந்த வியாபாரிகள் சுற்றி நிற்கிறார்கள். கூறுகிறவர் குவியலை ஒருமுறை பார்க்கிறார்; இனம் என்ன, ஏறத்தாழ எத்தனை கிலோ, இன்றைக்கு வவுனியாவில் என்ன விலை போகும் என்பதெல்லாம் அந்தப் பார்வைக்குள் அடங்கிவிடும். பிறகு தொடங்குகிறார். ஒருவர் கண்ணைச் சிமிட்டினால் ஐம்பது ரூபாய் ஏறும். இன்னொருவர் தலையை அசைத்தால் நூறு ஏறும். சும்மா மூக்கைச் சொறிந்தவரின் தலையில் அவர் ஒருபோதும் மீனைக் கட்டமாட்டார். அத்தனை வேகத்திலும் ஓர் இலக்கம் பிசகாது, ஒரு சொல் வழுக்காது. பழுதான மீனை அடியில் மறைத்து நல்ல மீன் என்று கூறினால் மறுநாள் அவருடைய குவியலைச் சுற்றிக் காகம்தான் நிற்கும், ஏனென்றால் பத்தடி தள்ளி இன்னொருவர் இன்னொரு குவியலைக் கூறிக்கொண்டிருக்கிறார். அவர்கள் இருவரும் போட்டிக்காரர்கள். ஆயினும் இவர் அவருடைய மீனைப் பழுதென்று சொல்வதில்லை. தவறி வந்து நிற்கும் ஆளிடம் "உங்கடை ஆள் அங்காலை நிக்கிறார்" என்று கைகாட்டியும் விடுவார். சகோதரி அவர்களே, இழிவென்று நினைத்து நீங்கள் எறிந்த கல்லை நாங்கள் பொறுக்கி வைத்துக்கொள்கிறோம். ஆம், எங்கள் அறிவிப்பாளர்கள் மீன் கூறுகிறவர்களே! அந்த வேகம், அந்தத் துல்லியம், பக்கத்தில் போட்டிக்காரன் நிற்பதால் வந்த அந்த நாணயம், இவற்றுக்குத் தொழில்நேர்த்தி என்று பெயர் வைக்காமல் வேறு என்ன பெயர் வைப்பது?

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். மீனை விட்டுவிடுகிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு பொற்காலத்தைப் பாடினார். இலங்கை வானொலி ஒன்றே ஒன்றாக இருந்தது, போட்டி இல்லை, ஆகவே தரம் இருந்தது என்றார். பொற்காலம் உண்மை; போட்டி இல்லை என்பது மட்டும் உண்மையில்லை. பி. வி. கேஸ்கர் 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பின்னர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகிப்போயின. அந்த இடைவெளிக்குள் கொழும்பிலிருந்து இலங்கை வானொலியின் வர்த்தக சேவை புகுந்தது. இந்தியில் அமீன் சயானியின் குரலுக்காக வடஇந்தியா காத்திருந்தது, தமிழில் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைத் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகள் கேட்டன. நேயர்கள் கடல் கடந்து போவதைக் கண்ட பிறகுதான் 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித் பாரதி பிறந்தது. ஒரு சின்னத் தீவின் வானொலி, அத்தனை பெரிய நாட்டின் வானொலியைப் பாட்டுப் போட வைத்தது என்றால் அதைப் போட்டி என்று சொல்லாமல் எதிரணித் தலைவர் வேறு எப்படிச் சொல்வார்? இலங்கை வானொலியின் ஒரே கூரையின் கீழும் போட்டி இருந்தது. கே. எஸ். ராஜாவின் மின்னல் வேகம் ஒரு பக்கம், பி. எச். அப்துல் ஹமீதின் நிறுத்தி நிதானித்த உச்சரிப்பு மறுபக்கம், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிந்த குரல் இன்னொரு பக்கம். ஒருவரைப்போல் இன்னொருவர் பேசாமல் இருந்ததற்கு, மற்றவர் அங்கே இருந்ததுதான் காரணம்.

வரலாறு போதும். என்னுடைய சாட்சிக்கு வருகிறேன். இந்த வழக்கில் நான் பேச்சாளன் மட்டுமல்லன், பாதிக்கப்பட்டவனும்கூட.

வன்னியில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள் என்பது இங்கே நரைத்த தலைகளுக்குத் தெரியும். இளையவர்கள் பக்கத்தில் இருக்கும் தாத்தாவைக் கேட்டுக்கொள்ளலாம். மின்சாரமும் இல்லை. விசுவமடுவில் எங்கள் பெரியப்பாவிடம் ஒரு வானொலிப் பெட்டியும் ஒரு சைக்கிளும் ஒரு பெறாமகனும் இருந்தோம். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லின் ரயரில் டைனமோவை உரசவிட்டு, அதிலிருந்து வரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க ஊர் ரேடியோத் திருத்துநர் பழைய பெட்டியொன்றிலிருந்து கழற்றிய டயோட்டுகளை ஈயத்தால் ஒட்டி, இரண்டு வயர்களைப் பெட்டிக்குள் விட்டிருந்தார். மிச்சம் எல்லாம் என் கால். நான் மிதித்தால் வானொலி பாடும்; நான் நிறுத்தினால் நாடே மௌனமாகிவிடும்.

இப்போது நடுவர் ஐயா கவனிக்க வேண்டும். நேயர்கள் எந்த நிலையத்தை விரும்பிக் கேட்கிறார்கள் என்று அறிய இன்று நிறுவனங்கள் பெரும் பணம் செலவழித்துக் கணக்கெடுப்பு நடத்துகின்றன. அந்தக் கணக்கெடுப்பு அன்றைக்கு என் கெண்டைக்காலில் நடந்தது. திருச்சி வானொலி நல்ல பாட்டுப் போட்டால் கால் பறக்கும். அதே திருச்சி நெற்பயிரில் தண்டுதுளைப்பான் தாக்கத்தைக் கட்டுப்படுத்தும் முறைகளை விளக்கத் தொடங்கினால் கால் கனக்கும், பெட்டி இரையும், பெரியப்பாவின் கை கொழும்பைத் தேடி முள்ளைத் திருப்பும். கொழும்பு அறிவிப்பாளர் கெட்டிக்காரர். "அடுத்து வருகிற பாடலைப் பாடியவர் யார் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடுவார். கடையில் கண்ணாலும் காண முடியாத சவர்க்காரத்துக்கு ஒரு விளம்பரம்; நான் மிதிக்கிறேன். எங்கள் வீட்டில் நாள்கணக்காக இல்லாத பால்மாவுக்கு ஒரு விளம்பரம், மிதிக்கிறேன். மின்விசிறிக்கு ஒரு விளம்பரம். நடுவர் ஐயா, மின்சாரமே இல்லாத ஊரில், வியர்த்து ஒழுகியபடி, மின்விசிறி விளம்பரத்துக்கும் மிதித்தேன்! ஒரே ஒரு கேள்வியால் என்னை அந்தச் சைக்கிளில் இருத்திவைத்தாரே, அவருடைய தொழில் எப்படிப்பட்டது!

பின்வரிசையில் இருப்பவர்களுக்கு மின்விசிறி கேட்கவில்லை என்கிறார்கள். மின்விசிறிக்கும் மிதித்தேன் ஐயா, மின்விசிறிக்கும்!

கடைசியில் பாட்டு வந்தது. முதல் வரி முடிவதற்குள் பழைய நேரம், அதாவது கொழும்பு கடிகாரத்தை முன்தள்ளிய பிறகும் வன்னி விடாத நேரம், இரவு 9.15 ஆகிவிட்டது. வன்னியில் 9.15 என்றால் பிபிசி தமிழோசை. பெரியப்பாவின் கை குமிழுக்குப் போனது. லண்டன் வந்தது. என் கால் நின்றது. லண்டன் போனது.

"டேய், மிதிக்கிறியோ, நித்திரை கொள்ளுறியோ?"

"பெரியப்பா, கால் கொழும்பிலை நிக்குது. லண்டனுக்கு வரமாட்டுதாம்."

அடுத்த கணம் அந்தப் பெரிய மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே சைக்கிளில் ஏறினார். முற்றத்தில் அயலட்டை முழுவதும் கூடிவிட்டது, ஏனென்றால் செய்தி கேட்க வருகிறவர்கள் அவர்களும்தான். பெரியப்பா மிதித்தார், லண்டன் தெளிவாகப் பேசியது, டைனமோவின் உரசலிலும் தன்னுடைய மூச்சிரைப்பிலும் அவருக்கு மட்டும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. "என்னவாம்? என்ன சொன்னவன்?" என்று மிதித்தபடியே கேட்கிறார்; "உஸ், கதையாதேங்கோ" என்று அவருடைய பெட்டியில், அவருடைய காலால் செய்தி கேட்கிறவர்கள் அவரையே அதட்டுகிறார்கள். கடைசி வரை மிதித்துவிட்டு இறங்கி, என்னிடம்தான் செய்தியைக் கேட்டார். பாட்டு போன ஆத்திரத்தில் நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை என்பது வேறு கதை.

ஒரு நிமிட ஒலிக்கு ஒரு நிமிட மிதிப்பு என்று விலை கொடுத்துக் கேட்ட ஊர் இது. தெளிவில்லாதவனுக்கும் சோர்ந்தவனுக்கும் இங்கே கால் கிடைக்கவில்லை. திருச்சி, கொழும்பு, லண்டன் மூன்றும் எங்கள் முற்றத்தில் என் ஒரு சோடிக் காலுக்காகப் போட்டியிட்டன. அதனால்தான் ஒவ்வொன்றும் தன் வேலையைத் திறம்படச் செய்தது.

1998இல் சூரியன், சக்தி எனத் தனியார் தமிழ்ப் பண்பலைகள் வந்தன. பின்னர் இன்னும் பல வந்தன. ஒரே பாட்டை எல்லோரும் போடுகிறார்கள் என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். புதுப் பாட்டைப் போட்டி நிலையம் பதிவுசெய்து எடுத்துவிடாதபடி சரணத்தின் நடுவில் தங்கள் பெயரைச் சொருகுகிறார்களே, அதைக் கேட்டு நானும் பல்லைக் கடித்திருக்கிறேன். தொலைபேசியில் வரும் எல்லோரிடமும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதை எப்போது நிறுத்துவார்களோ தெரியாது. ஆனால் ஏ-9 வீதியில் போகும்போது கொக்காவிலில் 174 மீற்றர் உயரத்துக்கு நிற்கும் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். 1990இல் அங்கிருந்த பழைய கோபுரம் போரில் அழிந்தது. இது 2011இல் திறக்கப்பட்டது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் பொதுவாக எழுப்பிய கோபுரம் அது. கீழே விளம்பரத்துக்காக ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டுகிறவர்கள், மேலே ஒரே இரும்பில் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

இரும்பு நிற்பது பெரிய காரியமில்லை, மனிதர் நிற்பார்களா என்று எதிரணி கேட்கும். அதற்கும் என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

போர் முடிந்த 2009இல், இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாம்களில் நாங்கள் வலயம் வலயமாகப் பிரிந்துபோனோம். பெரியப்பா அந்த ஆண்டைத் தாண்டவில்லை. பெரியம்மாவின் தங்கை குடும்பம் எந்த வலயத்துக்குப் போனது, எங்கே மீள்குடியேறியது, உயிரோடு இருக்கிறதா என்பது எதுவும் தெரியாமல் 2010இல் நாங்கள் விசுவமடுவுக்குத் திரும்பி வந்தோம். தறப்பாள் கொட்டில், அதற்குள் ஒரு சின்ன வானொலி. ஒரு காலை, பெரியம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது பிறந்தநாள் வாழ்த்து போய்க்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையின் பெயரும் தாயின் பெயரும் தகப்பனின் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெரியம்மா ஊதுகுழலைப் போட்டுவிட்டு எழுந்தார். ஊரின் பெயர் வருவதற்குள் அலை இரைந்து, வேறு நிலையம் ஏறி, பாட்டுத் தொடங்கிவிட்டது.

எந்த நிலையம் வாழ்த்தைச் சொன்னது என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு எல்லா நிலையமும் "ரேடியோ" தான். பாட்டு முடிந்து பெயரும் இலக்கமும் சொன்ன நிலையத்துக்கு, சந்தியில் இருந்த கடையிலிருந்து அழைத்தோம். அது பிழையான நிலையம், போட்டி நிலையம். எடுத்த தம்பி, "எங்கட நிகழ்ச்சியிலை அந்தப் பெயர் போகேல்லை அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். அழைப்பு வந்ததையே தங்கள் நிலையத்துக்குப் பெருமையாக்கி, அழுகிற குரலை அப்படியே ஒலிபரப்பியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. கடையின் இலக்கத்தை வாங்கிக்கொண்டார். தாங்கள் நாள் முழுவதும் போட்டி போடுகிற அந்த மற்ற நிலையத்துக்குத் தானே தொலைபேசி எடுத்தார். அங்கே இருந்தவர் வாழ்த்து அனுப்பிய குடும்பத்தைத் தேடிப் பிடித்தார். அந்தக் குடும்பத்திடம் கேட்காமல் அவர்களுடைய இலக்கத்தை எங்களிடம் தரவில்லை. எங்கள் கடை இலக்கத்தைத்தான் அவர்களுக்குக் கொடுத்தார். பொழுதுபடுவதற்கு முன்னர் கடைக்காரர் ஓடிவந்தார். "அக்கா" என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு அந்தத் தொலைபேசியில் இரண்டு பக்கமும் அழுகையைத் தவிர வேறொன்றும் போகவில்லை. கடைக்காரர் காசு வாங்கவில்லை.

இதை எந்த நிலையமும் செய்தியாக்கவில்லை. அந்த இருவரின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. பெரியம்மா தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. கோவிலில் அர்ச்சனை செய்யும்போது "ரேடியோப் பிள்ளையள் இரண்டு பேர்" என்று ஐயரிடம் சொல்வார், நட்சத்திரம் கேட்டால் "அது அம்மாளாச்சிக்குத் தெரியும்" என்பார். கைக்குக் காசு வந்த பிறகு இன்னொரு வானொலிப் பெட்டி வாங்கினார். இன்றும் எங்கள் வீட்டில் அடுப்படியில் ஒரு நிலையம், விறாந்தையில் போட்டி நிலையம்; இரண்டும் ஒரே நேரத்தில் பாடும். காது வலிக்கிறது என்று நான் ஒன்றை நிறுத்தப் போனால் பெரியம்மா விடுவதில்லை.

மணி அடித்துவிட்டது. நடுவர் ஐயா, தேய்ந்தது என்று தீர்ப்பளிக்க நீங்கள் எண்ணியிருந்தால், பெரியம்மா மூன்றாவது வரிசையில், ஊதா நிறச் சேலையோடு அமர்ந்திருக்கிறார். அவரிடம் நேரில் சொல்லிவிட்டு எழுந்து போங்கள். எங்கள் அணிக்கே தீர்ப்பைத் தரும்படி கேட்டு அமர்கிறேன். வணக்கம்.